எந்த ஊர்ல செஞ்சது?

ஆர்ச்டாப் கிட்டார் வாங்கப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கிட்டார் தெரிந்த நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊர்ல செஞ்சது?" என்பதுதான். மேல்பலகை செதுக்கியதா அழுத்தியதா, வாசிக்கப் போவது என்ன, எங்கே வைத்து வாசிக்கப் போகிறாய், இதெல்லாம் ஒருத்தரும் கேட்பதில்லை. அமெரிக்கா என்றால் கன்னத்தில் போட்டுக் கொள்வார்கள். ஜப்பான் என்றால் ஒரு தலையாட்டல். கொரியா என்றால் உதட்டுப் பிதுக்கல். சீனா என்றால் "காசைக் கரியாக்காதே". இந்தியா என்றால் சிரிப்பு.

இது தப்பான கேள்வி. அதிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் பிறந்து வளர்ந்தவன் வாயில் வரவே கூடாத கேள்வி. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். பொறுமை இருப்பவர்கள் தொடரலாம் :-)

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருத்தர். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறார். ஞாயிறு காலையில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். மற்ற நாளில் ஷிப்ட் முடிந்து வந்து வெஸ் மான்ட்கோமரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டுக் கட்டைவிரலால் ஆக்டேவ் பழகுவார். மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த மூன்று லட்சம் கையில் இருக்கிறது. ஈஸ்ட்மேன் கம்பெனியின் செதுக்கிய ஆர்ச்டாப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பெய்ஜிங் பட்டறையில் செய்வது. உடனே சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் அவரைப் பிடித்து உலுக்குகிறார்கள்: "சைனா மாலுக்கா மூணு லட்சம்? இன்னும் அஞ்சாறு லட்சம் லோன் போட்டு அமெரிக்க கிட்டாரா வாங்குங்க." அந்த அண்ணன் கையெழுத்துப் போட்டால்தான் ஆலையிலிருந்து பெட்டி நகர்ந்து ஜெர்மனிக்குக் கப்பல் ஏறும். அவரிடம் போய் மலிவான நாட்டில் செய்த பொருள் மட்டமாகத்தான் இருக்கும் என்று பாடம் எடுக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஆர்ச்டாப் என்றால் என்னவென்றே தெரியாத வகுப்புத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் வழக்கமாகப் பார்க்கும் கிட்டாரின் மேல்பலகை தட்டையானது, நடுவில் வட்டத் துளை. ஆர்ச்டாப்பின் மேல்பலகை வயலின் மாதிரி நடுவில் மேடாக எழும்பியிருக்கும். துளையும் வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவில் இருக்கும். பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கும். கம்பிகள் டெயில்பீஸ் என்ற கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். ஆர்வில் கிப்சன் என்ற அமெரிக்கர் 1898ல் செதுக்கிய மேல்பலகை கொண்ட மாண்டலினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1902ல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்ற ஊரில் அவர் பெயரில் கம்பெனி வந்தது. அங்கே 1920களின் ஆரம்பத்தில் லாய்ட் லோர் காலத்தில் பிறந்ததுதான் எல்-5 கிட்டார். எஃப் துளை கிட்டாருக்கு வந்தது அதோடுதான். பத்துப் பதினைந்து பேர் ஊதுகிற பித்தளைக் கருவிகளுக்கு நடுவே மைக் இல்லாமல் தாளம் வெட்டிக் கேட்க வேண்டும். அதற்கான கருவி அது. பளீரென்று எழும், சட்டென்று அடங்கும். இந்த "சட்டென்று அடங்கும்" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேல்பலகையை இரண்டு விதமாகச் செய்யலாம். கனமான ஸ்ப்ரூஸ் கட்டையை எடுத்து உளியாலும் சின்னச் சின்ன இழைப்புளியாலும் செதுக்கிச் செதுக்கி மேடு வரவைப்பது ஒன்று. மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி அடுக்கி அச்சில் வைத்து அழுத்துவது இன்னொன்று, அதாவது பிளைவுட். முதலாவதில் ஆளின் நேரம் போகும், கட்டையில் பெரும்பகுதி சீவலாகத் தரையில் விழும். இரண்டாவது அச்சு இருந்தால் முடிந்தது. ஆர்ச்டாப் விலையில் உண்மையான வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

பி.காம் படிக்கிறவன் அடக்கவிலை பார்க்காமல் விடுவானா? ஒரு ஆர்ச்டாப்பின் விலையைப் பிரித்துப் பாருங்கள். மரம், பிக்கப், டியூனர் எல்லாம் நேரடிப் பொருட்செலவு. செதுக்குகிற, ஒட்டுகிற, பாலிஷ் போடுகிற கைகளுக்கு நேரடிக் கூலி. அதற்கு மேல் வாடகை, மின்சாரம், விளம்பரம் என்று மேற்செலவுகள். எல்லாவற்றுக்கும் மேல் நம் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கும் "நற்பெயர்". கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். அமெரிக்காவில் ஒரு தனி ஆசாரி பெயர் போட்டுச் செய்த ஆர்ச்டாப் ஐந்திலக்க டாலரை அலட்டாமல் தொடும். ஈஸ்ட்மேனின் செதுக்கிய மாடல்கள் அதில் பாதிக்கும் கீழே. இந்த இடைவெளி எங்கே போகிறது? மரத்தில் இல்லை, ஸ்ப்ரூஸும் மேப்பிளும் இரண்டு பக்கமும் அதேதான். பெரும்பகுதி கூலி வித்தியாசம், மீதி நற்பெயர். இதில் கூலி வித்தியாசம் என்பது பெய்ஜிங் ஆசாரிக்குக் கை வராததால் வந்ததில்லை, அவருக்குக் குறைவாகக் கொடுப்பதால் வந்தது. இது புரியாமல் "விலை கம்மி, அதனால் தரம் கம்மி" என்று சொல்வது அடக்கவிலைப் பாடத்தில் அரியர் வைப்பதற்குச் சமம்.

"ஆனா தனி ஆசாரி கையால செய்யுறது வேற, ஃபேக்டரி வேற" என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க்கில் 1932லிருந்து 1964ல் இறக்கும்வரை ஜான் டி'ஆஞ்செலிகோ சின்னக் கடை ஒன்றில் உட்கார்ந்து எண் போட்டுச் செய்த ஆயிரத்துச் சொச்சம் கிட்டார்களும், அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து பின்னால் அவர் இடத்துக்கு வந்த ஜிம்மி டி'அகிஸ்டோவின் கிட்டார்களும் தனி ரகம்தான். பலகையைத் தட்டிக் காதில் கேட்டு இன்னும் ஒரு சீவல் எடுக்கலாமா என்று முடிவு செய்கிற ஆளுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. ஆனால் அந்த அண்ணனிடம் லோன் போடச் சொல்கிறவர்கள் சொல்வது டி'ஆஞ்செலிகோவை இல்லை. அவர்கள் சொல்வது கிப்சனை. கிப்சன் முதல் நாளிலிருந்தே ஃபேக்டரி! லாய்ட் லோர் அந்தக் காலத்து எல்-5 லேபிளில் கையெழுத்துப் போட்டார், சரி. மரத்தைச் செதுக்கியது பேர் தெரியாத தொழிலாளர்கள்.

அந்தப் பேர் தெரியாதவர்கள் யார் என்பதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போய்விட, கலமசூ ஆலையில் கிட்டார் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பெண்கள் செய்தது என்று தெரிந்தால் விற்காது என்று பயந்தார்களோ என்னவோ. பல வருஷம் கழித்து ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர் அந்த ஆலை வாசலில் பெண்கள் கூட்டமாக நிற்கும் பழைய போட்டோ ஒன்றைப் பார்த்து, உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் போய்ப் பேசி "கலமசூ கேல்ஸ்" என்று புத்தகமே எழுதினார். அவர்கள் அதிகம் செய்தது தட்டைப் பலகை கிட்டார்கள், ஆர்ச்டாப் இல்லை. ஆனால் தலைப்பக்கத்தில் சின்ன பேனர் வரைந்த அந்தப் போர்க்காலக் கிட்டார்களை இன்று சேகரிப்பவர்கள் கொண்டாடி வாங்குகிறார்கள். செய்த காலத்தில் மறைக்க வேண்டியிருந்த கைகள், எழுபது வருஷம் கழித்து விலையை ஏற்றும் கைகளாகிவிட்டன. மரமும் கிட்டாரும் மாறவில்லை.

இப்போது ஊர்ப் பக்கம் வருவோம்.

விடிகாலையில் எங்கள் தெரு முனையில் வரிசையாக கம்பெனி பஸ் நிற்கும். ஏறுகிறவர்களில் நிறைய பேர் இருபது இருபத்திரண்டு வயசுப் பெண்கள், என் வயசுதான். திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம், இன்னும் தூரத்திலிருந்தெல்லாம் வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். அவர்கள் கையில் உருவாகிற ஃபோனை உலகம் முழுக்க லட்ச ரூபாய் கொடுத்து வாங்குகிறார்கள். பெட்டியில் "கலிஃபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டது" என்று இருப்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தப் பெண்களின் பெயர் நமக்கு எப்போது தெரிய வந்தது? 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் உடம்புக்கு முடியாமல் போய், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அவர்கள் வந்து உட்கார்ந்தபோது. அப்போதும் பெயர் தெரியவில்லை, "ஃபாக்ஸ்கான் பெண்கள்" என்றுதான் செய்தி வந்தது. 2024ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் "கொரியா கம்பெனி, நம்பி வாங்கலாம்" என்று நம் வீட்டில் பேசி வாங்கியவைதான்.

ராயல் என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக்காரன் பெயர், இங்கிலாந்துக்காரன் வரலாறு. 1955லிருந்து மதராஸில் செய்யத் தொடங்கியது, 2013லிருந்து ஒரகடத்தில் செய்வது. அந்த வண்டியை இங்கிலாந்துக்காரனே காசு கொடுத்து வாங்கி ஓட்டுகிறான். ஒரகடத்து வெல்டிங் அவன் காலுக்கு நடுவே நம்பிக்கையோடு ஓடலாம், பெய்ஜிங்கில் செதுக்கிய ஸ்ப்ரூஸ் நம் மடியில் உட்காரக் கூடாதா? நாம் வெளியே வாங்கும் மரியாதையை நாமே இன்னொரு ஊர்த் தொழிலாளிக்குக் கொடுக்கமாட்டேன் என்பது என்ன நியாயம்?

பெயர் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் பிரிந்து போவதை நாம் பக்கத்திலிருந்தே பார்த்தவர்கள். நோக்கியா ஆலை இங்கே 2006ல் ஃபோன் செய்யத் தொடங்கி, உச்சத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்து, வரித் தகராறில் மாட்டிக்கொண்டு 2014 நவம்பரில் மூடியது. நோக்கியா என்ற பெயர் எங்கோ போய் வேறு யார் யாரோ செய்யும் ஃபோனில் ஒட்டிக்கொண்டது. சாலிடரிங் பழகிய கைகள் இங்கேயே வேறு கேட் தேடி நின்றன. ஆலையைப் பின்னால் சால்காம்ப் வாங்கியது.

கலமசூவில் நடந்ததும் அச்சு அசல் இதேதான். கிப்சன் 1984ல் கலமசூ ஆலையை மூடிவிட்டு டென்னசியின் நாஷ்வில்லுக்குப் போனது. பழைய தொழிலாளர்கள் சிலர், ஜிம் டியூர்லூ, மார்வ் லாம்ப் போன்றவர்கள், குடும்பத்தை விட்டுப் போக மனமில்லாமல் அதே பார்சன்ஸ் தெருக் கட்டிடத்தில், அதே பழைய இயந்திரங்களில் சிலவற்றை வைத்து 1985ல் ஹெரிடேஜ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இப்போது சொல்லுங்கள், நாஷ்வில்லுக்குப் போன பெயர் கிப்சனா, பார்சன்ஸ் தெருவில் தங்கிய கைகள் கிப்சனா? பழைய கிப்சனின் அருமை பேசுகிறவர்கள் ஹெரிடேஜை முதலில் தேடியிருக்க வேண்டும். ஆனால் பல வருஷம் ஹெரிடேஜ் ஆர்ச்டாப்கள் கிப்சனை விடக் குறைந்த விலைக்குத்தான் போயின. அதே ஊர், அதே கட்டிடம், அதே ஆசாரி! இங்கே "எந்த ஊர்ல செஞ்சது" என்ற கேள்வி கூட உதவவில்லை. ஆக அவர்கள் கேட்பது உண்மையில் ஊரைக் கூட இல்லை, தலையில் ஒட்டிய பெயரை.

ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. 1970களில் ஐபனீஸ் கிட்டார் என்றால் காப்பியடிக்கும் மட்டமான மால் என்று பேச்சு. 1977ல் கிப்சனின் தாய்க் கம்பெனி, தலைப்பகுதி வடிவத்தைக் காப்பியடித்ததாக ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மேல் வழக்கே போட்டது. அதே 1977ல்தான் ஜார்ஜ் பென்சனின் பெயரில் ஐபனீஸ் ஜி.பி-10 ஆர்ச்டாப் வந்தது. உச்சத்திலிருந்த ஒரு ஜாஸ் கிட்டாரிஸ்ட் அமெரிக்கப் பெயர்களை விட்டுவிட்டு ஜப்பான்காரனோடு உட்கார்ந்து கிட்டார் வடிவமைத்தார். பின்னால் பேட் மெத்தினியும் அங்கே போனார். இன்றைக்கு "மேட் இன் ஜப்பான்" என்று பார்த்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கொரியாவும் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறது. நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998ல் சான்ட்ரோ வெளியே வந்தபோது "கொரியா காரா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்போது கேட்பார் இல்லை.

ஈஸ்ட்மேன் கதையும் சுருக்கமாக. சியென் நி என்ற சீனர் அமெரிக்காவில் புல்லாங்குழல் படித்தவர். 1992ல் கம்பெனி தொடங்கி முதலில் செய்தது வயலின். வயலின் செதுக்கத் தெரிந்த கைகள் இருந்ததால் ஆர்ச்டாப் பக்கம் வந்தார்கள். மேல்பலகையை மேடாகச் செதுக்கும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதானே. 2004ல் அமெரிக்காவின் பேர்பெற்ற ஹெய்ன்ஸ் புல்லாங்குழல் கம்பெனியையே வாங்கினார்கள். இனி ஹெய்ன்ஸ் புல்லாங்குழல் சீனாவா அமெரிக்காவா என்று யாராவது பட்டிமன்றம் வைத்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

சொல்லப் போனால் "மேட் இன் யு.எஸ்.ஏ" கிட்டாரே எவ்வளவு தூரம் அமெரிக்கா? விரல்பலகைக் கருங்காலிக்காக டெய்லர் கிட்டார் கம்பெனி 2011ல் ஆப்பிரிக்காவின் கேமரூனில் ஒரு மர அறுவை ஆலையில் பங்கு வாங்கியது. மார்ட்டின் 1969ல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. இந்திய ஈட்டி என்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்கும் தோதகத்தி. அதை வெட்டக் கட்டுப்பாடு போட்டு 1994ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நம் மலை மரம் கப்பலில் போய், பெயர் ஒட்டிக்கொண்டு, இறக்குமதி வரி கட்டித் திரும்பி வருகிறது. நாம் அதைத் தொட்டுப் பார்த்து "ஆஹா, அமெரிக்க மரம்" என்கிறோம்.

டெய்லர் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. பாப் டெய்லர் 1995ல் குப்பையில் போட்ட பேலட் கட்டையை எடுத்து ஒரு கிட்டார் செய்து காட்டினார். தட்டைப் பலகை கிட்டார்தான். ஆனால் மரத்தை விடச் செய்கிற கைதான் முக்கியம் என்று காட்டச் செய்தது அது. ஒரகடத்தில் டீக்கடை பெஞ்சே பேலட் கட்டையில்தான் நிற்கிறது. நம்மிடம் இருக்கும் மூலப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை :-)

எதிர்த்தரப்பில் இரண்டு வாதம் மீதி இருக்கிறது. நேர்மையாக அதையும் பார்த்துவிடலாம்.

ஒன்று, மறுவிற்பனை. கிப்சனை பத்து வருஷம் கழித்து விற்றாலும் காசு வரும், சீனக் கிட்டார் பாதிக்குப் போகும் என்பது. உண்மைதான். நற்பெயருக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு திரும்ப வரும். ஆனால் லோன் வட்டியையும், எட்டு லட்ச ரூபாய்ப் பொருளை சர்ச்சுக்கு எடுத்துப் போகவே பயந்து பீரோவில் பூட்டி வைப்பதையும் எந்தக் கணக்கில் எழுதுவது? விற்பதற்காகவே வாங்குகிறவர் படப்பை பக்கம் பிளாட் வாங்கிப் போடட்டும். வாசிப்பதற்கு வாங்குகிறவருக்கு வாசிக்க முடியாத பயம்தான் பெரிய தேய்மானம்.

இரண்டாவது, கூலி. "சீனாவில் தொழிலாளியைச் சுரண்டி செய்யுறாங்க, அதை ஏன் வாங்கணும்?" இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், மற்ற எதையும் விட. ஆனால் இதைச் சொல்கிறவர்கள் கூலியைப் பற்றிக் கேட்க வேண்டும். அந்தப் பட்டறையில் என்ன சம்பளம், எத்தனை மணி நேரம், சங்கம் இருக்கிறதா என்று. அவர்கள் அதைக் கேட்பதில்லை. கூலியில் தொடங்கி இரண்டாவது வாக்கியத்திலேயே "சவுண்டும் சரியிருக்காது" என்று வந்து நிற்கிறார்கள். குறைந்த கூலிக்கு வேலை செய்கிறவர் குறைந்த வேலைக்காரர் என்பதுதான் உள்குத்து. அதே அளவுகோலை வைத்தால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது.

சரி, ஊரைக் கேட்காமல் வேறு எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் செதுக்கியதா பிளைவுட்டா என்று முடிவு செய்யுங்கள். பிளைவுட் என்றதும் மட்டம் என்று நினைக்க வேண்டாம். கிப்சன் இ.எஸ்-175, 1949ல் 175 டாலருக்கு வந்தது, பிளைவுட்தான். ஜோ பாஸும் ஜிம் ஹாலும் அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஆம்ப்ளிஃபயரில் போட்டு டிரம்ஸோடு வாசிக்க பிளைவுட் சௌகரியம், செதுக்கிய பலகை அளவுக்கு ஊளையிடாது. தனியாக உட்கார்ந்து ஆம்ப் இல்லாமல் வாசிப்பவருக்கும், மைக் வைத்துப் பதிவு செய்பவருக்கும் செதுக்கியது. செதுக்கியது வாங்கிவிட்டு அதன் நெஞ்சைக் கிழித்து இரண்டு பிக்கப் பதித்து எப்போதும் ஆம்ப்பிலேயே வாசிப்பது, காஞ்சிபுரம் பட்டு எடுத்து லைனிங் துணிக்கு வைப்பது மாதிரி. வெஸ் மான்ட்கோமரி எல்-5ல் அப்படித்தானே வாசித்தார் என்று கேட்பீர்கள். ஆமாம். நீங்கள் வெஸ் மான்ட்கோமரி என்றால் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

அடுத்தது நம் காற்று. கிட்டார் செய்கிறவர்கள் ஈரப்பதம் 45லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும் அறையில் செய்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் நம்மூரில் அது 80ஐத் தாண்டும். அட்டைப் பெட்டியே ஊறிப் போகும், ஸ்ப்ரூஸ் எம்மாத்திரம். மேல்பலகை உப்பினால் பிரிட்ஜ் ஏறும், கம்பி விரல்பலகையை விட்டு எழும்பும், வாசிக்க விரல் வலிக்கும். சித்திரையில் ஏசி அறையில் வைத்தால் அப்படியே காய்ந்து எதிர்ப்பக்கம் போகும். பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் அதைச் சமன் செய்யும் பொட்டலமும் போடாமல் செதுக்கிய ஆர்ச்டாப் வாங்கக் கூடாது. ஏசியும் இல்லை, பெட்டியில் வைத்துப் பூட்டும் பழக்கமும் இல்லை என்றால் நல்ல பிளைவுட் ஆர்ச்டாப் வாங்குங்கள். இது வசதி இல்லாதவனுக்குச் சொல்லும் சமாதானம் இல்லை. நம் ஊர் வானிலைக்கு அதுதான் புத்திசாலித்தனம். மிச்சிகன் குளிரில் உட்கார்ந்து எழுதிய அறிவுரை மணிமங்கலம் ஏரிக்கரைக்கு அப்படியே பொருந்தாது.

மூன்றாவது, என்ன வாசிக்கப் போகிறீர்கள். சட்டென்று அடங்கும் என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது. கர்நாடக சங்கீதம் கற்றுவிட்டு ஜாஸ் பக்கம் வருகிற நண்பர்கள் நிறைய பேருக்கு ஆர்ச்டாப் ஆசை. கமகத்துக்கு ஸ்வரம் நீண்டு நிற்க வேண்டும், ஆர்ச்டாப் நிற்காது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சாதாரண மாண்டலினின் ஜோடிக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பி வைத்த திடக்கட்டை எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனது இந்தக் காரணத்துக்காகத்தான். ஜோத்பூரின் பிரிஜ் பூஷண் காப்ரா கிப்சன் சூப்பர் 400ஐயே எடுத்தார், ஆனால் நட்டை உயர்த்தி, சிகாரிக் கம்பி சேர்த்து, மடியில் படுக்கவைத்து ஸ்லைடால் வாசித்தார். 1934ல் வந்தபோது 400 டாலர் என்று விலையையே பெயராக வைத்த கிட்டார் அது. அவர் அதன் பெயருக்குப் பயப்படவில்லை, தன் இசைக்குத் தேவையானபடி மாற்றிக்கொண்டார். ராணிப்பேட்டையிலிருந்து போய் பெர்க்லியில் படித்த பிரசன்னா கர்நாடக சங்கீதத்தையும் ஜாஸையும் கிட்டாரில் வாசிக்கிறார். அவர் வாசிப்பைக் கேட்டு யாராவது "இந்த கிட்டார் எந்த ஊர்ல செஞ்சது" என்று கேட்பார்களா?

சென்னைக்கு அருகே யமஹா மியூசிக் ஆலை 2019ல் உற்பத்தியைத் தொடங்கியது. கீபோர்டோடு அக்குஸ்டிக் கிட்டாரும் செய்கிறார்கள். ஆரம்பநிலைக் கிட்டார்தான், ஆர்ச்டாப் இல்லை. ஜப்பானும் அப்படித்தான் ஆரம்பித்தது. நாளைக்கு நம் பக்கத்துப் பெண் ஒருத்தி செதுக்கிய மேல்பலகையை அமெரிக்காவில் ஒருத்தன் தொட்டுப் பார்த்து "இந்தியாவா? வேண்டாம்" என்று வைத்துவிட்டுப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக ஒன்று, அந்த அண்ணனுக்கும் சொன்னது. மூன்று லட்சத்தில் முழுசையும் கிட்டாரில் போடாதீர்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதையாகிவிடும். ஒரு பங்கை ஃபிரெட் சமன் செய்யவும், நட் வெட்டவும், வழவழப்பான ஃபிளாட்வூண்ட் கம்பி மாட்டவும் ஒதுக்கி வையுங்கள். அமெரிக்காவோ சீனாவோ, கடல் தாண்டி வந்த ஆர்ச்டாப் எதுவும் பெட்டியிலிருந்து எடுத்ததும் வாசிக்கிற நிலையில் இருக்காது. கையில் எடுத்ததும் கழுத்து முறுக்கியிருக்கிறதா என்று தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி வாசியுங்கள். பிறகு செல்ஃபோன் டார்ச்சைப் பிரிட்ஜ் பாதத்துக்குப் பின்னால் அடியுங்கள். பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் பாதத்தைத் தேய்த்துப் பொருத்திக் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவரை பணம் கட்டாதீர்கள்.